தூசியை அடக்கும் யந்திரம் யாருக்காக?

(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இரு மருங்கிலும் இன்று கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கைப்பேசி எல்லாம் உற்பத்தியாகின்றன. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த கிராமங்களுக்கு நடுவே இந்த ஆலைகள் எழுந்தன. நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் பலர் இப்போது இங்கே ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த விவசாயத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் அவர்களோடு தோளோடு தோள் நின்று உழைக்கிறார்கள்.

பளபளக்கும் காரை எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தப் பளபளப்புக்கு முன்னால் நடக்கிற ஒரு வேலையை யாரும் பார்ப்பதில்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு இரும்பையும் அலுமினியத்தையும் சுரண்டித் துப்புரவு செய்கிற வேலை அது. சாண்ட் பிளாஸ்டிங், ஷாட் பிளாஸ்டிங் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அதையே தண்ணீர் கலந்து செய்தால் வெட் பிளாஸ்டிங். இந்தத் தண்ணீர் முறையைப் பற்றித்தான் நாம் இன்று பேசப் போகிறோம். இது ஏதோ இஞ்சினீயர்களின் விஷயம், நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் பிள்ளைகளின் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

வேலை என்ன?

பழைய சுவருக்கு மேல் புதிதாகப் பூசச் சொன்னால் கொத்தனார் முதலில் என்ன செய்கிறார்? சுவரைக் கொத்தி விடுகிறார். கொத்தாமல் பூசினால் பூச்சு பெயர்ந்து விழுந்துவிடும். இரும்பும் அப்படித்தான். வார்ப்பிலிருந்து வந்த பாகத்தில் மணலும் கருகலும் ஒட்டியிருக்கும். வெல்டிங் செய்த இடத்தில் கசடு இருக்கும். வெளியில் கிடந்த தகட்டில் துரு இருக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது. ஆகவே அழுக்கையும் நீக்க வேண்டும், பெயிண்ட் பிடித்துக்கொள்ள மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாகவும் ஆக்க வேண்டும்.

இதைக் கையால் தேய்த்துச் செய்தால் நாள் கணக்காகும். 1870-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மன் என்பவர், மணலைக் காற்றின் வேகத்தோடு பீய்ச்சி அடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கம்பிரஸரிலிருந்து அழுத்தக் காற்று வருகிறது. அதோடு மணல் சேர்கிறது. குழாய் முனையிலிருந்து சீறிப் பாய்ந்து இரும்பில் மோதுகிறது. ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. முதலாளிகளுக்கு இது பெரிய லாபமாக இருந்தது. தொழிலாளிக்கு?

மணல் இரும்பில் மோதும்போது இரும்பு மட்டும் சுத்தமாவதில்லை, மணலும் நொறுங்குகிறது. ஆற்று மணலின் பெரும்பகுதி சிலிக்கா. அது கண்ணுக்குத் தெரியாத பொடியாகிக் காற்றில் மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் தடிமன். 10 மைக்ரானுக்கும் குறைந்த சிலிக்காத் தூள்தான் மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது. அறையில் பறக்கும் புழுதியைக் கண்டு நாம் பயப்படுகிறோம். ஆனால் புழுதி அடங்கி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நேரத்திலும் காற்றில் மிதந்துகொண்டிருப்பதுதான் ஆளைக் கொல்கிற தூசி.

அந்தத் தூசி நுரையீரலில் தழும்பு உண்டாக்குகிறது. தழும்பேறிய சதை விரியாது, சுருங்காது. இதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். சாதாரணமாகப் பத்து வருஷத்துக்கு மேல் தூசியில் வேலை செய்தவர்களுக்கு வருகிற நோய், மணல் பீய்ச்சுகிறவர்களுக்குச் சில வருஷங்களிலேயே, சில சமயம் சில மாதங்களிலேயே வந்துவிடுகிறது. வந்த நோயைப் போக்க மருந்து கிடையாது. அந்த நெஞ்சில் காசநோயும் சுலபமாகப் பற்றுகிறது. ஆகவே பல இடங்களில் டாக்டர்களே இதைக் காசநோய் என்று மட்டும் எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நோயின் பெயர் மாறிவிட்டால் நஷ்டஈடும் போய்விடுகிறது. 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் இந்தச் சிலிக்காத் தூசியை, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலிலேயே சேர்த்தது.

தெரியாமல் நடந்ததா?

தோழர்களே, இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமல்ல. கோலார் தங்கச் சுரங்கத்தை நம்மில் யார் அறியாதவர்? வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து எத்தனை குடும்பங்கள் அங்கே போயின! இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வந்தது அங்கேதான், 1934-ல். 1940க்குப் பிறகு அங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளிகளைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது தெரிந்தது. பூமியிலிருந்து தங்கம் வெளியே வந்தது; கல் தூசி தமிழனின் நெஞ்சுக்குள்ளே போயிற்று. 2001-ல் அந்தச் சுரங்கத்தை மூடினார்கள்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930-31-ல் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். மலை முழுதும் சிலிக்கா. தண்ணீர் விட்டுக்கொண்டே துளைத்தால் தூசி அடங்கும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஆனால் வறட்டுத் துளைப்பு வேகமாக நடக்கிறது என்பதற்காகத் தண்ணீரை ஒதுக்கினார்கள். உள்ளே இறங்கியவர்களில் மிகப் பலர் வேலை தேடி வந்த கறுப்பின மக்கள். பிற்கால ஆராய்ச்சி ஒன்றின் கணக்குப்படி 700 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சுரங்கம் எந்தக் கம்பெனிக்காக வெட்டப்பட்டது தெரியுமா? யூனியன் கார்பைடு. 1984-ல் போபாலில் நச்சு வாயு கசிந்தது அதே கம்பெனியின் இந்தியத் துணைக் கம்பெனி நடத்திய தொழிற்சாலையில்தான்.

பிரிட்டனில் 1949-ல் செய்த விதிகளின்படி பிளாஸ்டிங் வேலையில் மணலை உபயோகிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இருந்தும் என்ன ஆயிற்று? ஜீன்ஸ் கால்சட்டை பழசுபோலத் தெரிய வேண்டும் என்ற நாகரிகத்துக்காகத் துருக்கியில் இளந்தொழிலாளிகள் துணி மீது மணல் பீய்ச்சினார்கள். துணி வெளுத்தது, பையன்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். 2009-ல்தான் அந்த நாட்டு சர்க்கார் அந்த வேலையைத் தடை செய்தது. நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்தின் ஆதிவாசி விவசாயத் தொழிலாளிகள் பஞ்சம் பிழைக்கக் குஜராத்துக்குப் போய், வெள்ளைக் கல் அரைக்கும் ஆலைகளில் சிலிக்காத் தூசியைச் சுவாசித்து மாண்டார்கள். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு, இறந்துபோன 238 பேரின் குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி குஜராத் சர்க்காருக்கு உத்தரவிட்டது. எத்தனை வருஷம் வழக்காடி, எத்தனை பேரைப் புதைத்த பிறகு!

வாசல் தெளிக்கிற தத்துவம்

சரி, வழி என்ன? நம் வீட்டுப் பெண்கள் காலையில் வாசலைப் பெருக்கும்முன் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் தெளிக்கிறார்கள். ஏன்? தெளிக்காமல் பெருக்கினால் புழுதி கிளம்பி மூக்கிலும் கண்ணிலும் ஏறும் என்பதற்காக. வெட் பிளாஸ்டிங்கின் தத்துவம் இவ்வளவுதான்.

ஒரு தொட்டியில் தண்ணீரும் உராய்வுப் பொடியும் கலந்த குழம்பு இருக்கிறது. கண்ணாடி மணி, அலுமினியம் ஆக்ஸைடு, கார்னெட் போன்ற பொடிகளை உபயோகிக்கிறார்கள். பம்ப் அந்தக் குழம்பைக் குழாய் முனைக்குத் தள்ளுகிறது. முனையில் அழுத்தக் காற்று சேர்ந்து அதை விசிறி அடிக்கிறது. ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் தண்ணீர் போர்த்தியிருக்கிறது. பொடி மோதி நொறுங்கினாலும், பெயர்ந்த துருவும் பெயிண்டும் பறக்க நினைத்தாலும், தண்ணீர் பிடித்துக் கீழே இழுத்துவிடுகிறது. கீழே வடிந்த குழம்பை வடிகட்டி மறுபடியும் அனுப்புகிறார்கள். மூடிய பெட்டிக்குள்ளே, கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, ரப்பர் கையுறைக்குள் கையை விட்டு வேலை செய்கிற யந்திரங்களும் உண்டு. ஆளே இல்லாமல் தானே செய்கிறவையும் உண்டு.

அலுமினிய வேலையில் தண்ணீருக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. காற்றில் மிதக்கும் அலுமினியத் தூசி வெடிமருந்து மாதிரி. 2014 ஆகஸ்ட் 2-ந் தேதி சீனாவில் குன்ஷான் நகரில், கார் சக்கரங்களை மெருகேற்றும் தொழிற்சாலையில் அலுமினியத் தூசி வெடித்து, முடிவில் மொத்தம் 146 தொழிலாளிகள் இறந்தார்கள். கார் உற்பத்தி நடக்கிற எந்தப் பகுதியிலும் இந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாது.

யாருக்காக வாங்குகிறார்கள்?

பஞ்சாலைத் தோழர்களுக்கு நாம் சொல்வது உடனே புரியும். ஸ்பின்னிங் ஹாலில் நீர்த்திவலை தூவுகிறார்களே, அது யாருக்காக? பஞ்சுத் தூசியில் இருமுகிற தொழிலாளிக்காகவா? இல்லை, நூல் அறாமல் இருப்பதற்காக. லங்காஷயர் நெசவாலைகளில் நூலுக்காக நீராவியைப் பாய்ச்சி, தொழிலாளிகளைப் புழுக்கத்தில் வேக வைத்தார்கள். தொழிலாளிகள் கிளம்பிக் கேட்ட பிறகுதான் 1889-ல் அங்கே ஈரப்பதத்துக்குச் சட்டம் அளவு வைத்தது. தண்ணீர் ஒன்றேதான். அது சரக்கைக் காக்கிறதா, ஆளைக் காக்கிறதா என்பதை முடிவு செய்வது தண்ணீரல்ல.

வெட் பிளாஸ்டிங் யந்திரமும் அப்படித்தான் வருகிறது. தண்ணீர் கலந்த பொடி மென்மையாக மோதும். பாகத்தின் அளவு மாறாது. பொடி உலோகத்தில் குத்திக்கொண்டு நிற்காது. மெருகு சீராக இருக்கும். நுட்பமான பாகங்களுக்கும் அச்சுகளுக்கும் இதெல்லாம் தேவை. ஆகவே பாகம் விலையுயர்ந்ததாக இருக்கிற இடத்தில் தண்ணீர் யந்திரம் வருகிறது. வெறும் இரும்புச் சட்டம், பிராக்கெட், பழைய தூண், தொட்டி என்று மலிவான சரக்கு வருகிற இடத்தில், சப்-காண்டிராக்ட் கொட்டகையில், முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வறட்டு வேலை நடக்கிறது. இரண்டு இடத்திலும் நுரையீரல் ஒன்றுதான். பாகத்தின் விலையைப் பார்த்துத் தண்ணீர் கொடுக்கிறவர்களிடம், ஆளைப் பார்த்துக் கொடு என்று கேட்கத்தான் சங்கம் வேண்டும்.

அவர்கள் சொல்லும் பதிலையும் கேட்டுக்கொள்வோம். "இரும்பில் தண்ணீர் பட்டால் உடனே துரு ஏறிவிடும்; காய வைக்க வேண்டும்; துருத்தடுப்பு மருந்து சேர்க்க வேண்டும்; செலவாகும்" என்பார்கள். துரு ஏறும் என்பது உண்மைதான். எல்லா வேலையையும் தண்ணீரில்தான் செய்ய வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. தண்ணீர் ஒத்துவராத வேலையை மூடிய அறையில், தூசியை உறிஞ்சும் யந்திரத்தோடு, மணலுக்குப் பதிலாக எஃகுக் குண்டுகளைக் கொண்டு செய்யட்டும். திறந்த கொட்டகையில் வறட்டு மணல் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

தண்ணீர் செய்யாத காரியம்

அதே சமயம், தண்ணீர் யந்திரம் வந்துவிட்டது, இனிமேல் கவலையில்லை என்று தூங்கிவிடவும் கூடாது.

தண்ணீர் தூசியின் பெரும்பகுதியை அடக்கும்; முழுவதையும் அல்ல. விசிறும் சாரலோடு நுண்தூளும் வருகிறது. ஆகவே மூச்சுக் கவசம் வேண்டும். தெறித்த சேறு தரையிலும் துணியிலும் காய்ந்தால் மறுபடி தூசிதான். சாயங்காலம் அந்தத் தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குகிற பெண் தொழிலாளியை யாரும் பிளாஸ்டிங் தொழிலாளி என்று கணக்கில் சேர்ப்பதில்லை. அவளுடைய நெஞ்சுக்கும் அதே தூசிதான் போகிறது. தரையை ஈரமாகவே கழுவ வேண்டும். காற்றுக் குழாயால் உடம்புத் துணியை ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கத்தையும் நிறுத்த வேண்டும்.

சத்தம் குறையாது, காதுக்குக் காப்பு வேண்டும். தரை வழுக்கும். குழாய் கையிலிருந்து நழுவினால் தானாக நின்றுவிடும் பிடி இருக்க வேண்டும். அலுமினியச் சேற்றை இறுக மூடிய பீப்பாயில் அடைத்து வைத்தால் ஹைட்ரஜன் வாயு உண்டாகித் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. வறட்டு வேலையில் தலைக்கவசத்துக்கு வரும் காற்று கம்பிரஸரிலிருந்து வருகிறது. அதை வடிகட்டாமல் விட்டால் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்ஸைடும் நேரே மூக்குக்கு வரும்.

கிராமத்துத் தோழர்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் இதில் இருக்கிறது. தூசியைப் பிடித்த தண்ணீர் எங்கே போகிறது? பழைய பெயிண்டைச் சுரண்டினால் அதில் ஈயமும் குரோமியமும் இருக்கலாம். அந்தச் சேறு மழைநீர்க் கால்வாயில் இறங்கினால் ஏரிக்குப் போகும். ஏரியிலிருந்து மதகு வழியாக வயலுக்குப் போகும். ஆலைக்குள்ளே மகனின் நெஞ்சிலிருந்து விலக்கிய விஷம், வெளியே தகப்பனின் நெல்லில் சேரக் கூடாது. இத்தகைய அபாயக் கழிவை வாங்கிப் புதைப்பதற்கென்றே கும்மிடிப்பூண்டியில் இடம் இருக்கிறது. அங்கே அனுப்பியதற்கு ரசீது இருக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது, கணக்கு எங்கே?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சிலிக்கோசிஸை, சர்க்காருக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. அதன் கீழ் நமது ராஜ்யத்தில் 1950-ல் செய்த விதிகள், மணலையும் உலோகக் குண்டையும் காற்றில் பீய்ச்சித் துப்புரவு செய்வதை ஆபத்தான வேலைகளில் சேர்த்தன. 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் சிலிக்கோசிஸ் இருக்கிறது. தொழில் நோய் என்று நிரூபித்தால் நஷ்டஈடும் உண்டு.

"நிரூபித்தால்" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆறு மாதம் ஒரு காண்டிராக்டர், எட்டு மாதம் இன்னொரு காண்டிராக்டர் என்று மாறுகிற தொழிலாளி, தான் எங்கே எத்தனை நாள் தூசியில் நின்றான் என்பதை எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பான்? நோய் தெரிய வருஷங்கள் ஆகின்றன. அதற்குள் அவன் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். அங்கே இருமி இருமிச் செத்தால், ஒரகடத்தின் கணக்கில் அது ஒரு சாவாகவே பதியாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை என்ன?

முதலாவது, பிளாஸ்டிங் வேலையில் மணலே கூடாது; உபயோகிக்கும் பொடியின் பெயரும் அதில் உள்ள சிலிக்கா அளவும் தமிழிலும் இந்தியிலும் எழுதி வேலை இடத்தில் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர் முறை, அல்லது தூசி உறிஞ்சும் வசதியோடு மூடிய அறை. இரண்டில் ஒன்று இல்லாமல் வேலை நடக்கக் கூடாது. பெரிய கம்பெனி தன் சப்-காண்டிராக்ட் பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக்க வேண்டும். பாகத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் திருப்பி அனுப்புகிற கம்பெனிக்கு, அந்தப் பாகம் எப்படிச் சுத்தமாயிற்று என்று கேட்பது கஷ்டமான காரியமல்ல.

மூன்றாவது, வேலையில் சேரும்போதும் அதன் பிறகு வருஷந்தோறும் நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் நடக்க வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும், பெருக்குகிற பெண்ணுக்கும் சேர்த்து. அதன் நகல் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும்.

நான்காவது, காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளந்து, அந்த அளவைச் சங்கத்துக்குக் காட்ட வேண்டும்.

ஐந்தாவது, சேறு எங்கே போகிறது என்ற கணக்கைப் பஞ்சாயத்துக்கும் காட்ட வேண்டும்.

இவற்றில் ஒன்றும் ஆகாயத்துக் கோரிக்கை அல்ல. தண்ணீர் தூசியை அடக்கும் என்பது ஹாக்ஸ் நெஸ்டில் மலையைக் குடைந்தபோதே தெரிந்திருந்தது. அன்று தடையாக நின்றது அறிவின் குறைவல்ல. கேட்பதற்கு அமைப்பாகத் திரண்ட குரல் இல்லாததுதான். சுங்குவார்சத்திரத்தில் 2024-ல் ஸாம்ஸங் தொழிலாளிகள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவாயிற்று. இந்தச் சாலையிலும் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி.

இப்போதே ஒரு காரியத்தைத் தொடங்கலாம், தோழர்களே. இங்கே வந்திருக்கிறவர்களில் பிளாஸ்டிங் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள், முன்பு செய்தவர்கள், கூட்டம் முடிந்ததும் பெயரைக் கொடுங்கள். எந்தப் பட்டறை, எந்தக் காண்டிராக்டர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன பொடி, என்ன கவசம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். ஊருக்குத் திரும்பிப் போனவர்களின் விவரமும் அவர்களோடு வேலை செய்தவர்களிடமிருந்து வரட்டும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, ஈ.எஸ்.ஐ. சீட்டு எதையும் கிழித்தெறியாதீர்கள். பத்து வருஷம் கழித்து ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போய் நிற்கும்போது, "எங்கே வேலை செய்தாய்?" என்ற கேள்விக்கு அந்த நோட்டு பதில் சொல்லும்.